பாக்டீரியாவை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளேட்டில் வளர்ந்த காலனியை (கிருமி பெருகிக் கண்ணுக்குத் தெரியும் சின்னத் திட்டு) எடுத்து ஆறேழு டெஸ்ட் போட்டால் பாக்டீரியாவின் பெயர் வந்துவிடும். பெயர் வராமல் போவது அபூர்வம். தவறான பெயர் வந்து நிற்பதுதான் வழக்கமான சிக்கல். அட்டவணையில் பாஸிட்டிவ், நெகட்டிவ் என்று நிரப்பிக்கொண்டே போனால் ஏதாவது ஒரு பெயரில் போய் முடியும். அந்த பாஸிட்டிவ் பாக்டீரியாவிலிருந்து வந்ததா, அதை வளர்த்த அகார் ஜெல்லியிலிருந்து வந்ததா, அதை எடுத்த லூப் கம்பியிலிருந்து வந்ததா என்று அட்டவணை கேட்பதில்லை. கேட்க வேண்டியது பிளேட்டைக் கையில் வைத்திருப்பவர்.

லேப் டெக்னீஷியன் படிப்பவர்களையும், பெரிய கருவிகள் இல்லாத லேபில் ட்யூப்பும் பிளேட்டுமாக வேலை பார்ப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

சாம்பிளிலேயே ஆரம்பிக்கும் கோளாறு

சிறுநீர் சாம்பிளை எடுத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்குப் பிடித்தது, வார்டு மேஜையில் இருந்துவிட்டு பன்னிரண்டு மணிக்கு லேபுக்கு வருகிறது. அறைச் சூட்டில் பாக்டீரியா அரை மணிக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது என்று வைத்தால்கூட நான்கு மணி நேரத்தில் 256 மடங்கு. தோலிலிருந்து விழுந்த, மில்லிக்கு வெறும் 400 என்றிருந்த கிருமி ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். ஒரு மில்லிக்கு ஒரு லட்சம் என்பதுதான் தொற்று என்று எடுத்துக்கொள்ளப் பலரும் வைத்திருக்கும் எல்லை. ஒரு மைக்ரோலிட்டர் லூப்பில் போட்டால் பிளேட்டில் 100 காலனி. அதன் பிறகு எவ்வளவு சரியாக டெஸ்ட் போட்டாலும், நோயாளிக்குத் தொல்லை கொடுக்காத ஒரு கிருமியைத்தான் துல்லியமாக அடையாளம் கண்டிருப்போம். இரண்டு மணி நேரத்துக்குள் போட முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஒரு நாள் வரை தாங்கும்.

ஆனால் 'எதுவானாலும் ஃபிரிட்ஜில் வை' என்ற பழக்கம் வந்துவிடக் கூடாது. முதுகுத் தண்டு நீருக்கு அது ஆகாது. மெனிங்கோகாக்கஸும் ஹீமோஃபிலஸும் குளிரில் செத்துப்போகும். பிளேட் சுத்தமாக இருக்கும், 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் போகும், மூளைக்காய்ச்சல் மட்டும் அப்படியே இருக்கும்.

சளி என்று எழுதி எச்சில் வருவது இன்னொரு தினசரிக் கதை. கல்ச்சர் போடுவதற்கு, அதாவது கிருமியை வளர்க்க வைப்பதற்கு முன் கிராம் ஸ்டெயினை லோ பவரில் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு ஃபீல்டில் பத்துக்கு மேல் வாய்த்தோல் செல்கள் இருந்தால் அது நுரையீரலிலிருந்து வந்ததில்லை. திருப்பி அனுப்பி வேறு சாம்பிள் கேட்பதே மேல். நோயாளி முகம் சுளிப்பார், வார்டு சிஸ்டர் இரண்டு வார்த்தை சொல்வார். சொல்லட்டும்.

ரத்தக் கல்ச்சரில் அளவு முக்கியம். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வேண்டும். 3 மில்லி போட்டுவிட்டு ஒன்றும் வளரவில்லை என்பதில் அர்த்தமில்லை. இரண்டு கைகளிலும் தனித்தனியாகக் குத்தி எடுத்தால்தான், ஒரே ஒரு பாட்டிலில் மட்டும் வளர்ந்த கோஆகுலேஸ் நெகட்டிவ் (பிளாஸ்மாவை உறைய வைக்காத) ஸ்டஃபைலோகாக்கஸைத் தோல் கிருமி என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். ஒரே பாட்டிலில் வந்தாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸை மட்டும் அப்படி ஒதுக்கவே கூடாது.

கிராம் ஸ்டெயின்

ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் இந்த முறையை 1884-ல் வெளியிட்டார். ஊதா நிறத்தைப் பிடித்துவைத்துக்கொள்வது கிராம் பாஸிட்டிவ், அதை விட்டுவிட்டுச் சிவப்பாவது கிராம் நெகட்டிவ். இத்தனை வருடம் கழித்தும் அடையாளத்தின் முதல் படி இதுதான், அதிகம் கெடுவதும் இதில்தான். கெடும் இடம் பெரும்பாலும் ஒன்றே: நிறம் நீக்கும் படி. அசிட்டோன் என்றால் இரண்டு மூன்று விநாடியில் வேலை முடிந்துவிடும். கூடுதலாக விட்டால் கிராம் பாஸிட்டிவும் ஊதாவை இழந்து சிவப்பாக நிற்கும். ஸ்லைடில் தடவிய ஸ்மியர் தடிப்பாக இருந்தால் இதற்கு நேர் எதிர். கிராம் நெகட்டிவ் உள்ளே ஊதாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கல்ச்சர் ஒரு நாளைத் தாண்டிப் பழசாகியிருந்தாலும், நோயாளி ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தாலும் கிராம் பாஸிட்டிவ் வெளிறிக் காட்டும். அசினெட்டோபேக்டர் வேறு மாதிரி ஏமாற்றும். அது கிராம் நெகட்டிவ்தான், ஆனால் ஊதாவை எளிதில் விடாது. குட்டையாக உருண்டு இருப்பதால் ரத்தக் கல்ச்சர் ஸ்மியரில் கிராம் பாஸிட்டிவ் காக்கஸ் என்றே தோன்றும்.

இதற்குச் செலவில்லாத காப்பு ஒன்று உண்டு. அதே ஸ்லைடின் ஒரு ஓரத்தில் தெரிந்த ஸ்டஃபைலோகாக்கஸையும் மறு ஓரத்தில் தெரிந்த இ.கோலையையும் தடவி, மூன்றையும் சேர்த்தே நிறமேற்ற வேண்டும். ஓரத்து ஸ்டஃபைலோகாக்கஸ் சிவப்பாக இருந்தால் நடுவில் இருப்பதைப் பார்க்கவே வேண்டாம், ஸ்லைடை மறுபடி போடுங்கள். அப்புறமும் சந்தேகம் என்றால், ஒரு துளி 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் காலனியைக் குழைத்து லூப்பை மெல்லத் தூக்கிப் பாருங்கள். கிராம் நெகட்டிவின் செல் சுவர் உடைந்து டி.என்.ஏ. வெளியே வரும், கலவை நூலாக இழுபடும். கிராம் பாஸிட்டிவ் இழுபடாது.

ஒரு தவறு இன்னொரு தவறுக்குச் சாட்சி சொன்னால்

தனியாக ஒரு டெஸ்ட் தவறினால் அடுத்த டெஸ்ட் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்புகிறோம். எப்போதும் அப்படி நடப்பதில்லை. பிளட் அகாரில் வளர்ந்த என்டரோகாக்கஸ் காலனி ஒன்றை எடுக்கிறோம். அது காட்டலேஸ் நெகட்டிவ், அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடைக் குமிழியாக உடைக்கும் என்சைம் அதனிடம் இல்லை. ஆனால் லூப்பால் அழுத்திச் சுரண்டியதில் கொஞ்சம் அகாரும் கூட வந்துவிட்டது. சிவப்பணுக்களிலும் காட்டலேஸ் உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டதும் குமிழி. சரி, ஸ்டஃபைலோகாக்கஸ் குடும்பம் என்று முடிவாகிறது. அடுத்தது ட்யூப் கோஆகுலேஸ். லேபில் இருப்பது சிட்ரேட் போட்ட பிளாஸ்மா. என்டரோகாக்கஸ் சில நேரம் அந்த சிட்ரேட்டைத் தின்றுவிடும். உறையாமல் தடுத்துக்கொண்டிருந்த பொருள் போனதும் பிளாஸ்மா தானாக உறையும். கோஆகுலேஸ் பாஸிட்டிவ். ரிப்போர்ட்: ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். ஒரு பொய் பாஸிட்டிவுக்கு இன்னொரு பொய் பாஸிட்டிவ் சாட்சி. ஸ்மியரில் கொத்தாக இல்லாமல் ஜோடியாகவும் சின்னச் சங்கிலியாகவும் இருந்ததை மட்டும் யாராவது திரும்பிப் பார்த்திருந்தால் இங்கேயே நின்றிருக்கும்.

தவிர்ப்பது கஷ்டமில்லை. காட்டலேஸுக்குக் காலனியின் உச்சியை மரக் குச்சியால் தொட்டு எடுத்தால் போதும். கோஆகுலேஸுக்கு ஈ.டி.டி.ஏ. சேர்த்த முயல் பிளாஸ்மா நல்லது. ட்யூப்பை 4 மணி நேரத்தில் ஒரு முறை கட்டாயம் பார்க்க வேண்டும், நெகட்டிவ் என்றால் 24 மணி நேரம் வரை வைக்க வேண்டும். சாயங்காலம் போட்டுவிட்டு நேரே மறுநாள் சாயங்காலம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சில ஸ்டஃபைலோகாக்கஸ் உறைய வைத்த கட்டியைத் தானே கரைத்துவிடும். மறுநாள் ட்யூப் தண்ணீராக இருக்கும்.

ஆக்ஸிடேஸ் டெஸ்டில் (ரியேஜென்ட் தோய்த்த காகிதத்தில் காலனியைத் தேய்த்து நிறம் பார்ப்பது) கம்பிதான் முதல் எதிரி. நைக்ரோம் லூப்பிலுள்ள இரும்பு தானே நிறத்தை வரவழைக்கும். பிளாட்டினம் அல்லது மரக் குச்சி எடுங்கள். பத்து விநாடிக்குள் கருநீலம் வந்தால் பாஸிட்டிவ். ஒரு நிமிடம் கழித்து வரும் நிறத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, எந்தக் காகிதமும் காற்றில் கிடந்தால் நீலமாகும்.

அடுத்தது, காலனி எந்த மீடியத்திலிருந்து வருகிறது என்பது. வாந்திபேதி நோயாளியின் மலத்தை டி.சி.பி.எஸ். பிளேட்டில் (காலராக் கிருமியைத் தேடும் தேர்வு மீடியம்) போட்டு மஞ்சள் காலனி வருகிறது. மஞ்சள் என்றாலே சுக்ரோஸைப் புளிக்கவைத்து அமிலமாக்கியிருக்கிறது என்று பொருள். அதிலிருந்தே நேராக ஆக்ஸிடேஸ் பார்த்தால் அமிலம் குறுக்கே வந்து நெகட்டிவ் காட்டலாம். விப்ரியோ காலராவின் முக்கியமான அடையாளமே ஆக்ஸிடேஸ் பாஸிட்டிவ். அவசரத்தில் ஒரு படியைத் தாண்டியதால் காலரா கைநழுவிப் போகும். நியூட்ரியண்ட் அகாரில் மறுபடி வளர்த்துப் பார்க்க வேண்டும். மெக்கான்கிக்கும் இதே விதி. அதோடு இன்னொன்று: மெக்கான்கி போன்ற தேர்வு மீடியங்கள் மற்ற கிருமிகளை வளரவிடாமல் அமுக்கிவைக்கும், கொல்வதில்லை. பார்வைக்கு ஒற்றையாக இருக்கும் காலனியின் அடியில் வேறொன்று பதுங்கியிருக்கலாம். சுத்தமா என்று மறு வளர்ப்பில் பார்க்காமல் போடும் டெஸ்ட் இரண்டு கிருமிகளின் குணங்களைக் கூட்டி மூன்றாவது ஒன்றின் பெயரைச் சொல்லும்.

டி.எஸ்.ஐ. ட்யூப்பில் (மூன்று சர்க்கரையும் நிறம் மாறும் சாயமும் சேர்த்த சாய்வு அகார்) நேரம்தான் எல்லாம். அதில் குளுக்கோஸ் 0.1 சதவீதம், லாக்டோஸும் சுக்ரோஸும் தலா 1 சதவீதம். குளுக்கோஸை மட்டும் புளிக்கவைக்கும் பாக்டீரியாகூட முதலில் ட்யூப் முழுவதையும் மஞ்சளாக்கிவிடும். அந்தச் சொற்ப குளுக்கோஸ் தீர்ந்ததும், காற்றுப்படும் சாய்வுப் பகுதியில் பெப்டோனைத் தின்னத் தொடங்கும். காரம் உண்டாகி மறுபடி சிவப்பு திரும்பும். இதற்கு 18 முதல் 24 மணி நேரம் ஆகும். எட்டு மணி நேரத்தில் பார்த்தால் சால்மொனெல்லாவும் இ.கோலை மாதிரி மேலும் கீழும் மஞ்சள். மூடியை இறுக்கித் திருகினாலும் இதே கதி, காற்று இல்லாமல் சாய்வு சிவக்காது.

டைஃபாய்டு கிருமியான சால்மொனெல்லா டைஃபியை டி.எஸ்.ஐ.யில் தவறவிடுபவர்கள் அதிகம். சால்மொனெல்லா என்றால் அடிப்பகுதி கரேலென்று இருக்கும், வாயுவால் அகார் பிளந்திருக்கும் என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். டைஃபி வாயுவே உண்டாக்காது. கறுப்பும் குத்திய இடத்தில் மீசை மாதிரி மெல்லிய கோடாகத்தான் வரும். ஆன்டிசீரம் (அந்தக் கிருமியை ஒட்டித் திரளவைக்கும் எதிர்ப்பொருள் திரவம்) போட்டாலும் ஒட்டிக்கொள்ளாமல் போகலாம். மேலே இருக்கும் வி.ஐ. ஆன்டிஜென் உள்ளிருக்கும் ஓ ஆன்டிஜெனை மூடியிருக்கும். கலவையைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு மறுபடி பார்த்தால் ஒட்டும். பக்கத்தில் வெறும் சலைனிலும் ஒரு துளி குழைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் திரண்டால் ஆன்டிசீரத்தின் முடிவு செல்லாது.

டைஃபாய்டு பற்றிப் பேசும்போது வைடல் டெஸ்டை விட முடியாது. காய்ச்சல் என்று போனால் நம் ஊரில் எழுதிக்கொடுக்கும் முதல் டெஸ்டுகளில் ஒன்று. 1896-ல் வந்த இந்த டெஸ்ட் பாக்டீரியாவை அடையாளம் காண்பதே இல்லை. ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளை அளக்கிறது. எப்போதோ வந்த தொற்றும், போட்ட தடுப்பூசியும், வேறு சால்மொனெல்லாவும்கூட அதை ஏற்றிவிடும். டைஃபாய்டு புழங்கும் இடத்தில் ஒரே ஒரு வைடலை வைத்து நோயை முடிவு செய்வதைத் தவறு என்றே சொல்வேன். முதல் வாரத்தில், மாத்திரை தொடங்கும் முன் ரத்தக் கல்ச்சர் எடுப்பதுதான் வழி.

'சூடோமோனாஸ்' என்று எழுதி முடித்துவிடுவது

மழைக்காலத்தில் ஒருவர் வருகிறார். சர்க்கரை நோய் உண்டு, வயல் வேலை. காய்ச்சல், கல்லீரலில் சீழ்க்கட்டி. சீழில் கிராம் நெகட்டிவ் பேசில்லஸ் (குச்சி வடிவக் கிருமி) வளர்கிறது. டி.எஸ்.ஐ.யில் எதையும் புளிக்கவைக்கவில்லை, ஆக்ஸிடேஸ் பாஸிட்டிவ். பல லேப்களில் இந்த இடத்தில் 'சூடோமோனாஸ்' என்று எழுதிவிட்டு அடுத்த பிளேட்டுக்குப் போய்விடுவார்கள்.

எந்த ஆன்டிபயாட்டிக் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராமல் வளையம் விழுகிறது என்று பார்க்கும் சென்சிடிவிட்டி பிளேட் வேறு கதை சொல்லும். ஜென்டாமைசின் எடுபடவில்லை; பாலிமிக்சின் பி டிஸ்க்கைச் சுற்றி வளையமே இல்லை; அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டுக்கு மட்டும் நல்ல வளையம். சூடோமோனாஸ் ஏருஜினோசா இப்படி நடந்துகொள்ளாது. அதற்கு அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் ஒன்றும் செய்யாது, பாலிமிக்சின் வழக்கமாக வேலை செய்யும். இந்தத் தலைகீழ் முடிவைப் பார்த்ததும் நினைவுக்கு வர வேண்டிய பெயர் பர்க்ஹோல்டேரியா சூடோமாலை. மெலியாய்டோசிஸ் நோயின் கிருமி. 1912-ல் ரங்கூனிலிருந்து விட்மோரும் கிருஷ்ணசாமியும் முதன்முதலில் விவரித்தது. தமிழ்நாட்டு மண்ணுக்கும் அந்நியமில்லை.

ஸ்மியரில் இரண்டு முனை மட்டும் நிறம் பிடித்து சேஃப்டி பின் மாதிரி தெரிவது ஒரு குறிப்பு. சுருங்கி மடிந்த காலனி உருவம் வெளிப்படச் சில நாளாகும். 48 மணி நேரத்தில் பிளேட்டைத் தூக்கிப் போடும் லேப் அதைப் பார்க்கவே பார்க்காது. தானியங்கிக் கருவியும் இதை பர்க்ஹோல்டேரியா செபாசியா என்று சொல்லிவிடுவதுண்டு. பெயர் மாறினால் சிகிச்சையே மாறும்: மெலியாய்டோசிஸுக்குக் குறைந்தது பத்து நாளாவது ஊசி, செஃப்டாஸிடிம் அல்லது மெரோபெனம், அதன் பிறகு மூன்று மாதம் மாத்திரை. 'சூடோமோனாஸ்' என்று நினைத்து ஒரு வாரத்தில் நிறுத்தினால் கட்டி திரும்ப வரும்.

சந்தேகம் வந்த நிமிடமே அந்தப் பிளேட்டைத் திறந்த மேஜையிலிருந்து பாதுகாப்புக் கேபினட்டுக்கு மாற்ற வேண்டும். மூக்கருகே கொண்டுபோய் வாசனை பார்க்கும் பழைய பழக்கம் எந்தப் பிளேட்டுக்கும் வேண்டாம். புரூசெல்லா லேப் ஊழியர்களைத் தொற்றுவதும் பெரும்பாலும் காற்று வழியாகத்தான். அதையும் கருவிகள் மொராக்செல்லா போன்ற வேறு பெயரில் காட்டியிருக்கின்றன. ரத்தக் கல்ச்சரில் மெதுவாக வளரும், மிகச் சிறிய, யூரியேஸ் சட்டென்று பாஸிட்டிவாகும் கிராம் நெகட்டிவைக் கண்டால், கருவி சொல்லும் பெயரை எழுதுவதற்கு முன் கேபினட்டுக்குள் போங்கள்.

புதுக் கருவிகளிடமும் இதே விழிப்பு வேண்டும். கிருமியின் புரதங்களை எடைபோட்டுப் பார்க்கும் மால்டி-டாஃப் சில நிமிடங்களில் பெயர் சொல்கிறது, பெரிய வசதிதான். ஆனால் இ.கோலையையும் ஷிகெல்லாவையும் அதனால் நம்பும்படி பிரிக்க முடியாது. வாய்க் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைடிஸை நிமோகாக்கஸ் என்றும் சொல்லலாம். அங்கே நிமோகாக்கஸை வளரவிடாமல் தடுக்கும் பழைய ஆப்டோசின் டிஸ்க்கும் பித்த உப்பில் கரைகிறதா என்ற டெஸ்டும்தான் கைகொடுக்கும். ஆப்டோசின் பிளேட்டை 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் வைத்திருந்தால் மட்டுமே வளையத்துக்கு 14 மில்லிமீட்டர் என்ற அளவு பொருந்தும்.

பெயர் உறுதியாகாத நாளில் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது? தெரிந்த அளவு எழுதலாம். 'கிராம் நெகட்டிவ் பேசில்லஸ், புளிக்கவைக்காத வகை, ஆக்ஸிடேஸ் பாஸிட்டிவ். மேல் பரிசோதனை நடக்கிறது' என்பது முழுமையான இடைக்கால ரிப்போர்ட்தான். சிறுநீரில் மூன்று நான்கு வகை வளர்ந்திருந்தால் நான்கையும் அடையாளம் கண்டு சென்சிடிவிட்டி போட வேண்டியதில்லை. கலப்பு வளர்ச்சி, புது சாம்பிள் அனுப்புங்கள் என்றால் போதும். சீழ்க்கட்டி, முதுகுத் தண்டு நீர், ரத்தம் ஆகியவற்றில் வளர்ந்ததாக இருந்தால் காகிதம் போய்ச் சேரும் வரை காத்திருக்காமல் டாக்டருக்கு போன் செய்துவிடுங்கள். நோயாளிக்குச் சர்க்கரை உண்டா, மண்ணில் வேலையா, ஆடு மாடு வளர்க்கிறாரா என்று அப்படியே கேட்டுக்கொள்ளலாம். சாம்பிளோடு வரும் சீட்டில் இதெல்லாம் யாரும் எழுதுவதில்லை.