வாரம் ஒரு தலைப்பு, ஆளுக்கு ஒரு படம்: தொடங்குகிறவர்களுக்கு

ஈரோடு, பவானி, பல்லடம், பொள்ளாச்சி என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். திங்கள் காலை ஒருவர் தலைப்பு சொல்வார். ஞாயிறு இரவுக்குள் எல்லோரும் அந்தத் தலைப்பில் ஒரே ஒரு படம் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். எங்களைப் பார்த்துவிட்டு நாமும் தொடங்கலாமே என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் இருக்கும் போன் போதும். ஃபோகஸ் செய்வது, திரையில் கட்டக் கோடுகளைக் கொண்டுவருவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்கு வருகிறேன்.

படி 1: தலைப்பு

கண்ணால் பார்க்க, கையால் தொட முடிகிற தலைப்பாக வையுங்கள். "நம்பிக்கை", "தனிமை" போன்றவை ஆரம்பத்தில் வேண்டாம். எல்லோரும் சாயங்கால வெளிச்சத்தில் ஒற்றை மரத்தை எடுத்து அனுப்புவார்கள். மஞ்சள், நூல், வாசல், சந்தை, வேலி இவையெல்லாம் நம் பக்கத்துக்கு நன்றாக வரும். பருவத்தையும் பாருங்கள். "மஞ்சள்" என்றால் அறுவடையும் வேக்காடும் நடக்கிற தை, மாசி. "காற்று" என்றால் ஆனி, ஆடி. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து உடுமலை, பல்லடம் வரை அடிக்கிற மாதங்கள்.

படம் அந்த வாரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். பழைய படத்தைத் தேடிப் போட அனுமதித்தால் இரண்டே மாதத்தில் குழு படுத்துவிடும். இதில் நான் கறார்.

படி 2: இடம்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். தலைப்பு கிடைத்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றுகிறார்கள். நாள் முழுக்க அலைந்தும் எதுவும் அமையாமல், கடைசியில் எல்லோரும் எடுக்கிற படத்தையே எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

எனக்குக் கைகொடுத்த வழி இது. திங்கட்கிழமை படமே எடுக்காதீர்கள். தலைப்பை ஒரு தாளில் எழுதி, அதை வைத்துப் பிழைக்கிறவர்கள் நம் ஊரில் யார் யார் என்று கீழே எழுதுங்கள். "நூல்" என்றால் பவானி ஜமக்காளத் தறி, சென்னிமலைப் போர்வை, சோமனூர் விசைத்தறி, திருப்பூர்ப் பனியன் கம்பெனி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், வாரத்தில் இரண்டு முறையாவது போய்வர முடிகிற ஓர் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். முதல் முறை போகும்போது போன் பையிலேயே இருக்கட்டும். எந்த நேரத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, எப்போது வேலை மும்முரம் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

"காற்று" வாரத்தில் எங்களில் முக்கால்வாசிப் பேர் காற்றாலை எடுத்தோம். பொள்ளாச்சித் தோழி ஒருவர் மட்டும் தன் வீட்டில் கொப்பரைத் தேங்காய் காயப்போடும் களத்தைத் தாண்டவில்லை. சாரலுக்குப் பயந்து கொப்பரை மேல் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். மற்ற மூன்று பக்கமும் ஒன்றிரண்டு கல், மேற்குப் பக்கம் மட்டும் நெருக்கி நெருக்கி ஏழெட்டுக் கல். அத்தனையையும் மீறி அந்த ஓரம் உப்பி நின்றது. காற்று எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வேகம், அதனால் யாருக்கு என்ன வேலை என்று எல்லாமே அந்த ஒரு படத்தில் இருந்தது. தினமும் அந்தக் களத்தைப் பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் அது தட்டுப்படும்.

படி 3: கேட்டுவிட்டு எடுப்பது

தூரத்தில் நின்று ஜூம் போட்டு ஆட்களை எடுக்காதீர்கள். பக்கத்தில் போய், "ஒரு படம் எடுத்துக்கலாங்களா?" என்று கேளுங்கள். பவானியில் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன். "எடுத்துக்கலாங் கண்ணு, அதுக்கென்ன. மொதல்ல உக்காருங்க, வெயில்ல வந்திருக்கறீங்க" என்றார். உட்கார்ந்ததால்தான் கவனித்தேன்: ஒரு நிறப் பட்டை முடிந்ததும் கையிலிருக்கும் நாடாவை (நூலோடு தறியில் குறுக்கே ஓடும் கட்டையை) வைத்துவிட்டு வேறு நிற நாடாவை எடுக்கிறார். அந்த நொடியில் இரண்டு கைகளும் இரண்டு நிறங்களும் ஒன்றாகத் தெரியும். அடுத்த பட்டை முடியும்வரை காத்திருந்து அதை எடுத்தேன். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். எடுத்த படத்தை மறக்காமல் அவர்களுக்கும் அனுப்புங்கள்.

படி 4: வெளிச்சத்தைக் குறைப்பது

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் படமெடுக்கப் போனால் கேமரா ஏமாற்றும். மஞ்சள் நிறம் என்பது கேமராவுக்குச் சிவப்பும் பச்சையும் நிறைய, நீலம் குறைவு. நல்ல வெயிலில் சிவப்பு தன் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். விரலி மஞ்சளின் கணுவும் சுருக்கமும் மறைந்து, குவியல் வெறும் மஞ்சள் திட்டாகிவிடும். பின்னால் எந்தச் செயலியில் போட்டாலும் அது திரும்பி வராது.

அதனால் திரையில் குவியலைத் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கீழே இழுங்கள். கேமராவாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் அளவை -0.7 வைத்துத் தொடங்குங்கள். திரையில் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தால் பரவாயில்லை. முடிந்தால் குவியலை விட்டுவிட்டு நிழலுக்கு வாருங்கள். வியாபாரி ஒரு விரலியை ஒடித்து உள் நிறம் பார்ப்பார். ஒடித்த இடத்தில் தெரிகிற அந்த ஆரஞ்சு நிறம், நிழலில் அப்படியே பதியும்.

படி 5: திருத்துவது, ஒன்றைத் தேர்வது

படம் திருத்த எனக்கு ஸ்னாப்சீட் செயலி போதும். வெட்டுவது, வெளிச்சம், நிழல் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. எச்டிஆர் மாதிரித் தூக்கலான ஃபில்டர்கள் எனக்கு ஆகவே ஆகாது. கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) காய்ந்த புல்லைக்கூட நெல்வயல் போல ஆக்கிவிடுகின்றன. அகலக் கோண லென்சும் வேண்டாம். போனின் முதன்மை லென்சை வைத்துக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் போங்கள்.

ஒரே ஒரு படம் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டுக்கு நடுவில் மனம் ஊசலாடினால், தலைப்பைச் சொல்லாமல் வீட்டில் யாரிடமாவது காட்டிக் கேளுங்கள்.

குழுவில் "சூப்பர்" என்று மட்டும் போடுவதை நிறுத்திவிட்டோம். முதலில் கண் எங்கே போனது என்று ஒரு வரி எழுத வேண்டும். அப்புறம்தான் பேச்சே தொடங்குகிறது.

பிற்சேர்க்கை: விசைத்தறிக் கூடத்துக்குள் எடுத்த படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். போன் கெட்டுப்போகவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்ஈடி விளக்கும் நொடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கம், போன் படத்தை வரி வரியாகப் பதிவு செய்யும்போது பட்டைகளாக விழுகிறது. கேமராவில் அளவுகளை நாமே வைக்கிற புரோ மோடுக்குப் போய் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வையுங்கள், பட்டை மறைந்துவிடும். உங்கள் ஆண்ட்ராய்டு போனில் அந்த வசதி இல்லாவிட்டால் ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலியைப் போட்டுப் பாருங்கள். பல போன்களில் அதில் ஷட்டரை மாற்ற முடிகிறது. 1/50-இல் ஓடுகிற நாடா கலங்கித்தான் தெரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது, தறி ஓடுவது தெரிகிறது. கை மட்டும் ஆடாமல் தூணில் சாய்ந்து நின்று எடுங்கள்.

இன்னொன்று: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். டாக்குமெண்ட் என்று தேர்ந்து அனுப்புங்கள்.