வெள்ளம் வடிந்த கிணற்றுக்கு எத்தனை கிராம் பிளீச்சிங் பவுடர்?

2015 டிசம்பரில் கெடிலம் கரை மீறி எங்கள் கொல்லைக்குள் வந்தபோது உறைகிணறும் சாக்கடையும் ஒன்றாகிவிட்டன. தண்ணீர் வடிந்ததும் அப்பா அரைக் கிலோ பிளீச்சிங் பவுடரை அப்படியே உள்ளே கொட்டினார். கிருமி செத்ததோ இல்லையோ, அந்த நெடியில் குடத்தை வாய்க்குக் கிட்டே கொண்டுபோக முடியவில்லை. இரண்டு வாரம் கேன் தண்ணீர் வாங்கினோம். அதன் பிறகு கணக்குப் போடாமல் நான் கிணற்றைத் தொடுவதில்லை.

முதலில் கலங்கல் நீரை இறைத்துவிடுங்கள். ஒரே மூச்சில் வற்ற இறைக்கக் கூடாது. சுற்றி மண் ஊறியிருப்பதால் உறை சரியும். டீசல் என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. அதன் புகை உள்ளே இருப்பவரைக் கொன்றுவிடும்.

ஊற்று ஏறியதும் கயிற்றில் கல்லைக் கட்டி அடிவரை விடுங்கள். நனைந்த நீளம்தான் நீரின் ஆழம். விட்டத்தை விட்டத்தாலும், பிறகு ஆழத்தாலும், பிறகு 785-ஆலும் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். அளவுகள் மீட்டரில் இருக்க வேண்டும். எங்கள் கிணற்றின் விட்டம் 1 மீட்டர், நீர் 3 மீட்டர். ஆக 2,355 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 60 கிராம் வீதம் போட்டால் எங்களுக்கு ஏறத்தாழ 140 கிராம். பவுடர் புதிதாக இருக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறாத, கட்டிதட்டிய பவுடர் சுண்ணாம்புக்குச் சமம்.

அப்பா தவறியது அடுத்த இடத்தில்தான். பவுடரை வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் களிபோலக் குழைத்து, முக்கால் வாளி வரை நீர் ஊற்றிக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். சுண்ணாம்பு அடியில் வெள்ளையாகத் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் இறுத்துக்கொள்ளுங்கள். வண்டலைக் கிணற்றில் விட்டால் தண்ணீர் கடினமாகிவிடும். தெளிவு வாளியைக் கயிற்றில் இறக்கி, நீருக்குள் மேலும் கீழுமாக நன்றாக ஆட்டுங்கள்.

இரவு முழுக்க விட்டு, காலையில் நெடி அடங்கும்வரை இறைத்துவிடுங்கள். புதிதாக ஊறிய நீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். எங்களுக்கு 6 கிராம். இதையும் குழைத்துத் தெளிவைத்தான் விட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து, குளோரின் பார்க்கும் சொட்டு மருந்தில் நீர் மஞ்சளானால் குடிக்கலாம். மஞ்சள் காட்டாவிட்டால் இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும்.

டிடிஎஸ் கருவியை நம்பி இதைத் தவிர்ப்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அது கரைந்த உப்பைக் காட்டும், கிருமியைக் காட்டாது. சாக்கடை கலந்த மழைநீருக்கும் அது, குடிக்க ஏற்றதென்று சொல்லும் 500-க்குள் காட்டக்கூடும்.

தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கும் என் அத்தை வீட்டுக் கிணற்றுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அதில் வருவது ரசாயன நெடி. பிளீச்சிங் பவுடர் கிருமியைத்தான் கொல்லும். காய்ச்சினால் நீர் ஆவியாகி, ஆவியாகாத ரசாயனமும் உப்பும் இன்னும் செறிவாகும். அப்படிப்பட்ட நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். முடிவு வரும்வரை சமையலுக்குக்கூட எடுக்காதீர்கள். அத்தை அதைத் துணி துவைக்கக்கூட எடுப்பதில்லை. குடிக்கத் தெருக்குழாயில் வரிசை நிற்கிறார்.