மூடுபனியில் ஓடுபாதைக்குள் தவறி நுழையாமல் இருக்க

விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு: பனி மூடியிருந்தால், நகரத் தொடங்கும் முன்பே விமான நிலைய வரைபடத்தை மடியில் வைத்து, கன்ட்ரோலர் (விமானங்களை வழிநடத்துபவர்) ரேடியோவில் சொல்லும் வழியை எழுதி, அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். வெறும் ‘சரி’ போதாது. 2001 அக்டோபர் 8 அன்று இத்தாலியில் மிலானின் லினாட்டே விமான நிலையத்தில், ஆர்5 என்ற தரைவழியில் போகவேண்டிய சிறிய செஸ்னா விமானம் ஆர்6-இல் திரும்பி ஓடுபாதைக்குள் போய்விட, புறப்பட்டுக்கொண்டிருந்த எஸ்ஏஎஸ் (ஸ்காண்டிநேவிய நிறுவனம்) பயணிகள் விமானம் அதில் மோதி 118 பேர் இறந்தார்கள். தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ரேடாரும் அப்போது இயங்கவில்லை.

சிவப்புப் பலகையில் வெள்ளை எண் தெரிந்தால் அதற்கு அப்பால் ஓடுபாதைதான். குறுக்கே ‘ஸ்டாப் பார்’ எனும் சிவப்பு விளக்கு வரிசை எரிந்தால், அனுமதி கிடைத்திருந்தாலும் தாண்டாமல் மறுபடி கேளுங்கள். எங்கே இருக்கிறோம் என்று சந்தேகமா? நின்று, உடனே சொல்லிவிடுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஓடுபாதை மேலேயே இருந்தால் மட்டும் நிற்கக்கூடாது. சொல்லிக்கொண்டே சீக்கிரம் வெளியேறுங்கள்.