யுங்கின் எதிர்மைகள்: தவிர்க்க வேண்டிய சில தவறான புரிதல்கள்

சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங்கின் ஆழ்மன உளவியலில், நனவு ஒரு பக்கம் மிகையாகச் சாயும்போது நனவிலி, அதாவது நாம் அறியாத மனப்பகுதி, மறுபக்கத்திலிருந்து இழுத்து ஈடுசெய்கிறது. இதைப் படிப்பவர்கள் முதலில் இடறுவது 'நிழல்' என்ற சொல்லில். நிழல் என்பது நம்முடையதென ஏற்காமல் நாம் ஒதுக்கிய பக்கம்; தீமையின் மறுபெயர் அன்று. தன்னைக் கோழையென்றே நம்பி வாழ்ந்தவருக்கு அவருடைய துணிவும் நிழலில்தான் கிடக்கும்.

அடுத்த பிழை, ஈடுசெய்தலைத் தலைகீழாக்கமாகக் கொள்வது. கனவில் சாவு கண்டால் நல்லது, கல்யாணம் கண்டால் கெட்டது என்னும் நம் வீட்டுப் பெரியவர்களின் கணக்கு இங்கே செல்லாது. சிகிச்சை முன்னேறாமல் நின்றிருந்த ஒரு பெண்ணை, குன்றின் மேலுள்ள கோட்டையின் உச்சிக் கோபுரத்தில் அமர்ந்தவராக யுங் கனவில் கண்டார். அவரைப் பார்க்கக் கழுத்தைப் பின்னுக்கு வளைத்து அண்ணாந்து நோக்க வேண்டியிருந்தது. விழித்திருக்கையில் தாம் அவரைத் தாழ்வாக எண்ணியதையே கனவு ஈடுசெய்தது என உணர்ந்து, அதை அவரிடமே சொல்ல, சிகிச்சை மீண்டும் நகர்ந்தது. அந்தப் பெண் உண்மையில் அத்தனை உயர்ந்தவர் என்பது கனவின் பொருளன்று; மருத்துவரின் பார்வையில் எவ்வளவு குறை இருந்ததோ அதற்கேற்ப அவர் உயரே வைக்கப்பட்டார்.

எபேசஸ் நகரத்துப் பழங்கிரேக்க மெய்யியலாளர் ஹெராக்ளிடஸின் சிந்தனையிலிருந்து யுங் எடுத்தாண்ட 'எனான்டியோட்ரோமியா', அதாவது எதிர்நிலைக்குப் பாய்தல், வளர்ச்சியாகவே பலராலும் போற்றப்படுகிறது. 1921இல் வெளியான 'உளவியல் வகைகள்' நூலில் கிறித்தவர்களைத் துன்புறுத்திவந்து பின் கிறித்தவரான பவுலின் மனமாற்றத்தை அவர் இதற்குச் சான்றாகக் காட்டினார். ஆயினும் நேற்றைய கடும் நாத்திகர் இன்று கடும் பக்தராகும்போது கட்சி மாறுகிறதே தவிர ஒருபக்கச் சாய்வு அப்படியே இருக்கக்கூடும் என்பதை, புகழ்பவர்கள் கவனிப்பதில்லை.

நடுப்புள்ளியில் நிற்பதும் தீர்வன்று. 1916இல் எழுதப்பட்டு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அச்சேறிய 'கடந்துசெல்லும் செயற்பாடு' குறித்த கட்டுரையில், இரு துருவங்களின் இறுக்கத்தையும் தாங்கிக்கொண்டிருக்கும்போதுதான் இரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்று பிறக்கிறது என்கிறார் யுங்.

இதை நம் மரபின் நிர்த்துவந்துவத்தோடு ஒன்றாக்கிவிடுவோரும் உண்டு. இன்பம், துன்பம் போன்ற இரட்டைகளைக் கடந்த அந்நிலையை யுங் அறிந்திருந்தார், மதித்தும் எழுதினார். ஆனால் 1938இன் தொடக்கம்வரை நீண்ட தம் இந்தியப் பயணத்தைப் பின்னாளில் நினைவுகூர்ந்தபோது, இயற்கையிலிருந்தும் மனப்படிமங்களிலிருந்தும் விடுபடத் தாம் விரும்பவில்லை என்றே சொன்னார்.