ஒன்பதை வைத்துச் சிட்டையைச் சரிபார்க்கலாம்

ஒவ்வோர் எண்ணின் இலக்கங்களையும் ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டுங்கள். பெரிய பெருக்கலில் உள்ள பிழை பெரும்பாலும் அங்கேயே பிடிபடும். குமுளி ஏலக்காய்ச் சிட்டையில் 347 கிலோ, கிலோ ரூ.2,685, மொத்தம் ரூ.9,31,695 என்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். 347இன் இலக்கங்களைக் கூட்டினால் 14, அது சுருங்கினால் 5. 2,685 சுருங்கினால் 3. இரண்டையும் பெருக்கினால் 15, அதாவது 6. மொத்தமும் 33 ஆகி 6இல் நிற்கிறது. சரி.

10, 100, 1,000 எதை 9ஆல் வகுத்தாலும் மீதி 1தான். அதனால் எண்ணை 9ஆல் வகுத்தாலும் அதன் இலக்கக் கூட்டலை வகுத்தாலும் ஒரே மீதி வரும்.

பொருந்தாவிட்டால் கணக்கு தவறு. பொருந்திவிட்டது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்: 9,13,695 என்று இலக்கம் இடம் மாறியிருந்தாலும் 6தான் வரும் (அவசரத்தில் எழுதும் கைக்கு இது வழக்கம்). பைசாவை விட்டு முழு ரூபாயாக்கிய தொகைக்கும் இது உதவாது.