கோர்ட் மார்ஷலில் நீங்களே பேச வேண்டி வந்தால்

நான் ராணுவத்தில் கிளார்க். 24 வருடச் சர்வீஸில் எத்தனையோ கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ நீதிமன்ற, நடவடிக்கைகளைத் தட்டச்சு செய்திருக்கிறேன். இரண்டே முறை குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆர்மி ரூல்ஸில் அந்த ஆளுக்கு ‘ஃபிரண்ட் ஆஃப் தி அக்யூஸ்டு’ என்று பெயர். காதோடு யோசனை சொல்லலாம், கேள்வியைச் சீட்டில் எழுதி நீட்டலாம். ஆனால் எழுந்து கோர்ட்டிடம் பேசக் கூடாது. பேச வேண்டியது குற்றம் சாட்டப்பட்ட தம்பிதான்.

முடிந்தால் தனியாக நிற்காதீர்கள். ஜெனரல், டிஸ்ட்ரிக்ட் என்ற இரண்டு வகைக் கோர்ட் மார்ஷலிலும் வக்கீல் வைக்கலாம், உங்களுக்காகப் பேச டிஃபெண்டிங் ஆஃபீசரும் கேட்கலாம். சம்மரி கோர்ட் மார்ஷலில்தான் வேறு வழியே கிடையாது. அங்கே யார் கூட உட்கார்ந்தாலும், தீர்ப்புச் சொல்வது சி.ஓ., அதாவது யூனிட்டின் கமாண்டிங் ஆஃபீசர், ஒருவரே. நீங்கள் வக்கீலையே கூட்டி வந்தாலும் அவரும் என்னைப் போலக் காதில்தான் சொல்ல முடியும். சி.ஓ. லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ என்றால் ஓராண்டு வரை ஜெயில் கொடுக்கலாம், டிஸ்மிஸும் பண்ணலாம். ‘சம்மரிதானே’ என்று அலட்சியமாகப் போய், பென்ஷன் இல்லாமல் ஊர் திரும்பியவர்கள் உண்டு.

சார்ஜ் ஷீட் கைக்கு வந்ததும் மணியைக் குறித்து வையுங்கள். குற்றச்சாட்டைச் சொன்னதற்கும் விசாரணை தொடங்குவதற்கும் நடுவில் குறைந்தது 96 மணி நேரம் இருக்க வேண்டும். ஆக்டிவ் சர்வீஸில், அதாவது போர்க்களப் பணியில், இருந்தால் மட்டும் 24. சம்மரி ஆஃப் எவிடென்ஸின், அதாவது சாட்சிகள் விசாரணைக்கு முன்பே சொன்னதன் பதிவின், நகலையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஆயுதமே அதுதான். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் சாட்சி அன்றைக்குச் சொன்னது, வலப்பக்கம் காலி. கோர்ட்டில் அவர் சொல்வதை அந்தக் காலி இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இங்கிலீஷ், இந்தி புரியவில்லையென்றால் இன்டர்ப்ரெட்டர் கேட்க வெட்கப்படாதீர்கள். பாதி புரிந்து தலையாட்டுவதுதான் ஆபத்து.

உட்காரப்போகும் அதிகாரிகளின் பெயரை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். பழக்கதோஷத்தில் ‘நோ சார்’ என்று வந்துவிடும். ரஞ்சித் தாக்கூர் என்ற சிக்னல்மேன் கதையை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடச் சொன்ன உத்தரவை மீறினார் என்று 1985-இல் அவருக்குச் சம்மரி கோர்ட் மார்ஷல். ஓராண்டு கடுங்காவல், டிஸ்மிஸ். எந்த அதிகாரி மேல் அவர் மேலிடத்துக்குப் புகார் எழுதினாரோ, அவரும் அந்தக் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தார். ஆட்சேபம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. 1987-இல் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்து வேலையைத் திருப்பிக் கொடுத்தது.

அடுத்தது ‘கில்டியா, நாட் கில்டியா’. முந்தின நாள் ராத்திரி யாராவது சீனியர் வந்து, “கில்டின்னு சொல்லிடு, சாப் பார்த்துக்குவார்” என்பார். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். கேட்காதீர்கள். கில்டி என்றால் என்ன ஆகும் என்பதைக் கோர்ட் உங்களுக்கு விளக்கியாக வேண்டும். விளக்காமல் கையெழுத்துக்குத் தாளை நீட்டினால், “புரியவில்லை, சொல்லுங்கள்” என்று கேளுங்கள்.

இனி குறுக்கு விசாரணை. நான் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு கேஸில், நாயிப் சுபேதாரை மெஸ் டின்னால் அடித்ததாக ஒரு நாயக் மேல் குற்றச்சாட்டு. மேலதிகாரி மேல் கை வைத்தால் 14 வருடம் வரை போகும் பிரிவு அது. யூனிட் ஆபீசர் யாரும் வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்றார் தம்பி. முதல் சாட்சியிடமே, “சாமி மேல சத்தியமா, நீ பார்த்தியா?” என்று கத்தினார். சாட்சி, “பார்த்தேன்” என்றான். அவ்வளவுதான், அந்தப் பொய்க்கு நாங்களே இன்னொரு முறை பதிவு வாங்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

டீ பிரேக்கில் நோட்டைப் பிரித்தேன். அடுத்த சாட்சிக்கு மூன்றே கேள்வி எழுதினோம். “குக்ஹவுஸ் வாசலுக்கும் நீங்கள் நின்ற இடத்துக்கும் எத்தனை கஜம்?” நாற்பது என்றார். “அப்போது மணி?” ஏழு பத்து. “ஜெனரேட்டர் எத்தனை மணிக்குப் போட்டார்கள்?” ஏழரை. நாலாவதாக, “அப்போ இருட்டில் எப்படிய்யா தெரிஞ்சது?” என்று கேட்கத் தம்பிக்கு நாக்கு துறுதுறுத்தது. நான் அவர் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கேட்டிருந்தால், “நிலா வெளிச்சம் இருந்தது சார்” என்று சாட்சி தப்பித்திருப்பார்.

எதிரே இருக்கும் அதிகாரிகளை மட்டும் மனதில் வைத்துப் பேசாதீர்கள். ஜெனரல், டிஸ்ட்ரிக்ட் இரண்டிலும் தீர்ப்பை இன்னொரு மேலதிகாரி உறுதி செய்தால்தான் அது செல்லும். அவர் உங்கள் கண்ணீரைப் பார்க்கப் போவதில்லை, தாளைத்தான் படிப்பார். அதனால் நிதானமாகப் பேசுங்கள், எழுதுகிறவர் பேனா நின்றதும் அடுத்த வாக்கியம். கேள்வியை மறுத்தால், “என் கேள்வியையும் மறுத்ததையும் பதிவு செய்யுங்கள் சார்” என்று கேளுங்கள். தட்டச்சு செய்தவன் சொல்கிறேன், தாளில் ஏறாத பேச்சு பேசாத பேச்சுதான்.

உங்கள் முறை வரும்போது சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்ல மறுத்தாலும் அதற்குத் தண்டனை இல்லை. எழுதி வைத்து வாசியுங்கள், இரண்டு பக்கம் போதும். வீட்டுக் கஷ்டத்தை இங்கே கொட்ட வேண்டாம், அதைத் தண்டனைக்கு முன்னால் சொல்ல இடம் வரும். தீர்ப்புக்கான ஓட்டு ஜூனியர் அதிகாரியிடமிருந்து தொடங்கும், சீனியர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாதென்று. சமமாகப் பிரிந்தால் முடிவு உங்கள் பக்கம்.

அந்த நாயக்குக்கு அடித்த சார்ஜில் நாட் கில்டி. திட்டியதாக இருந்த இன்னொரு சார்ஜுக்கு சிவியர் ரெப்ரிமாண்ட், அதாவது கடும் கண்டனம்.

தோற்றாலும் உறுதி செய்யும் முன்பே மனு போடுங்கள், ஆர்மி ஆக்ட் 164-ஆம் பிரிவு. அதற்கப்புறம் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையிலும் ஒரு பெஞ்ச் உண்டு. நடவடிக்கைகளின் நகலுக்குப் பணம் கட்டி விண்ணப்பியுங்கள். வந்ததும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு செட்டை ஊருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். டிரங்குப் பெட்டி யூனிட்டிலேயே தங்கிப்போவது உண்டு.