மான் வேட்டைக்கு அம்பு தேர்ந்தெடுப்பது எப்படி? முனையிலிருந்து தொடங்குங்கள்

வில் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள்கூட அம்பு என்று வந்தால் கடைக்காரர் எடுத்து நீட்டும் டஜனை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். பயிற்சி முனையோடு அந்த அம்பு நன்றாகத்தான் போகும். வேட்டைக்கான பிராட்ஹெட்டை (கூரிய பிளேடுகள் கொண்ட முனையை) மாட்டியதும் அதே அம்பு 20 கெஜத்தில் நாலைந்து அங்குலம் விலகக்கூடும். மான் மீது அந்த நாலைந்து அங்குலம் என்பது, நுரையீரலில் பட்டு சில நொடிகளில் விழுவதற்கும், வயிற்றில் பட்டு மணிக்கணக்கில் துடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஆகவே அம்பு விஷயத்தில் அவசரம் கூடாது.

இந்த விளக்கம் அமெரிக்காவில், குறிப்பாக விஸ்கான்சின் மாநிலத்தில், காம்பவுண்ட் வில்லால் (நுனிகளில் கப்பிகள் வைத்த வில்) வெள்ளைவால் மான் வேட்டைக்கு முதல்முறை தயாராகிறவர்களுக்கானது. அங்கே வில் வேட்டைப் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கும். அம்பு வேலையை ஜூன், ஜூலையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இதை வில்வித்தை அறிவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. வில்லின் இரண்டு எண்கள்

முதலாவது டிரா வெயிட், அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் பலம். வில்லின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் உச்ச அளவு. போல்ட்டைத் தளர்த்தியிருந்தால் உண்மை அளவு குறைவாக இருக்கும். வில் தராசில் மாட்டி அளந்து பாருங்கள்.

இரண்டாவது டிரா லெங்த், அதாவது நாணை முழுவதும் இழுக்கும் நீளம். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை அளந்து 2.5ஆல் வகுத்தால் தோராயமான அளவு கிடைக்கும். 70 அங்குலம் வந்தால் 28. கீழே வரும் கணக்கெல்லாம் 60 பவுண்டு, 28 அங்குல வில்லுக்கு.

2. முனையை முதலில் முடிவுசெய்யுங்கள்

பலரும் தண்டை வாங்கிவிட்டு கடைசியில்தான் முனையைத் தேடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. முனையின் எடை மாறினால் தண்டு வளையும் அளவும் மாறும். முனை தெரியாமல் தண்டைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கடைகளில் அதிகம் கிடைப்பவை 100, 125 கிரெய்ன் முனைகள். (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்.) புதியவர்களுக்கு 125 கிரெய்ன், அசையாத பிளேடு வைத்த பிராட்ஹெட்தான் எங்கள் பரிந்துரை. பட்டவுடன் விரியும் மெக்கானிக்கல் முனை பெரிய காயம் உண்டாக்கும், பயிற்சி முனைபோலவே பறக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் விரிவதற்கே அம்பின் சக்தியில் ஒரு பங்கு செலவாகிவிடும். 50 பவுண்டுக்குக் குறைவான வில் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

விஸ்கான்சின் விதிப்படி மானுக்கான முனை உலோகத்தில், நன்றாகத் தீட்டப்பட்டதாக, குறைந்தது 7/8 அங்குல அகலம் கொண்டதாக இருக்க வேண்டும். வில் 30 பவுண்டுக்குக் குறையக் கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

3. நீளம்

அம்பின் நீளம் என்பது பின்முனையில் மாட்டும் 'நாக்' என்ற துண்டில் நாண் உட்காரும் பள்ளத்திலிருந்து தண்டு வெட்டப்பட்ட நுனி வரை. முனை கணக்கில் வராது. வெட்டாத முழுத் தண்டை வில்லில் பூட்டி, இலக்கை நோக்கியபடி முழுவதும் இழுத்துப் பிடியுங்கள். வில்லில் அம்பு தங்கும் ரெஸ்ட்டுக்கு ஒரு அங்குலம் முன்னால் பக்கத்தில் நிற்பவர் அடையாளம் போடட்டும். நாணை விடுவிக்கும் கருவியான ரிலீஸின் விசையில் விரல் தவறியும் படக் கூடாது. பிறகு மெதுவாக இறக்குங்கள். அந்த நீளத்தில் பிராட்ஹெட்டின் பிளேடு உங்கள் விரலுக்கோ வில்லின் கைப்பிடிக்கோ அருகில் வருகிறதென்றால் இன்னும் ஒரு அங்குலம் கூட்டுங்கள். சந்தேகம் இருந்தால் நீளமாகவே விடுங்கள். பிறகு வெட்டிக்கொள்ளலாம், வெட்டியதை ஒட்ட முடியாது.

4. ஸ்பைன்: தண்டின் விறைப்பு

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். நாண் பின்னாலிருந்து தள்ளும்போது முன்னால் இருக்கும் கனமான முனை உடனே நகராது. நடுவில் மாட்டிக்கொண்ட தண்டு வளைகிறது. வில்லை விட்டு வெளியேறிய பிறகும் மீன்போல நெளிந்தபடியே சிறிது தூரம் போகிறது. எந்த அம்பும் வளையத்தான் செய்யும். எவ்வளவு வளைகிறது என்பதுதான் கேள்வி. பிராட்ஹெட்டின் பிளேடுகள் முன்பக்கம் முளைத்த சிறகு மாதிரி. அளவுக்கு மீறிய நெளிவு கொஞ்சம் இருந்தாலும் காற்றைப் பிடித்து அம்பைத் திருப்பிவிடும். பயிற்சி முனைக்கு அந்தச் சிறகு இல்லாததால்தான் குறை வெளியே தெரிவதில்லை.

தண்டின் மேல் 300, 340, 400, 500 என்று எண் இருக்கும். 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள்மேல் தண்டை வைத்து, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் எத்தனை அங்குலம் தொய்கிறது என்பதே அந்த எண். 0.400 அங்குலம் தொய்ந்தால் அது 400. ஆகவே எண் சிறியதாக இருந்தால் தண்டு விறைப்பு. புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது வழக்கம்.

வில்லின் பலம் கூடினாலும், அம்பு நீண்டாலும், முனை கனத்தாலும் தண்டு அதிகம் வளையும். அதற்கேற்ப விறைப்பான தண்டு வேண்டும். 60 பவுண்டு, 28 அங்குலம், 125 கிரெய்ன் என்பது பல கம்பெனி அட்டவணைகளில் 400க்கும் 340க்கும் இடைப்பட்ட எல்லையில் விழும். எல்லையில் நின்றால் விறைப்பான பக்கத்துக்கே போங்கள்: 340. கொஞ்சம் கூடுதல் விறைப்பைச் சமாளிக்கலாம். தொய்வான தண்டு பிராட்ஹெட்டோடு அடங்கவே அடங்காது. அட்டவணையைப் பார்க்கும்போது நீங்கள் வாங்கும் அதே கம்பெனியின் அட்டவணையையே பாருங்கள்.

5. எடைக் கணக்கு

தண்டின் விவரத்தில் அங்குலத்துக்கு எத்தனை கிரெய்ன் என்று போட்டிருக்கும். 9 என்று வைத்துக்கொள்வோம்.

தண்டு 28 × 9 = 252
இன்சர்ட் (முனையைத் திருக தண்டுக்குள் ஒட்டும் துண்டு) = 16
நாக் = 9
வேன் (பின்பக்க இறகு) மூன்று, தலா 6 = 18
முனை = 125
மொத்தம் = 420 கிரெய்ன்

வில்லின் பலமான 60ஆல் வகுத்தால் பவுண்டுக்கு 7 கிரெய்ன். மானுக்கு 6 முதல் 8 வரை நல்ல அளவு. 5க்குக் கீழே போகவே கூடாது. அம்பு எடுத்துக்கொள்ளாத சக்தி வில்லின் கைகளிலும் நாணிலும் இறங்கி வில்லையே உடைக்கும். லேசான அம்பு வேகமாகப் போகும் என்ற ஆசையில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். கனமான அம்பில் வில்லின் சத்தமும் குறையும், பட்ட பிறகு ஊடுருவலும் கூடும்.

சக்தியைக் கணக்கிட, எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450240ஆல் வகுக்க வேண்டும். 420 கிரெய்ன், நொடிக்கு 250 அடி என்றால் சுமார் 58 அடி-பவுண்டு. மானுக்குத் தாராளம்.

அடுத்து சமநிலை. முடித்த அம்பை விரல்மேல் நிறுத்துங்கள். பள்ளத்திலிருந்து 18 அங்குலத்தில் நின்றால், பாதி நீளமான 14ஐக் கழித்து, மீதி 4ஐ 28ஆல் வகுத்தால் 14 சதவீதம் வரும். 10 முதல் 15 வரை இருந்தால் போதும். ஒளிரும் நாக் மாட்டினால் பின்பக்கம் கனம் கூடி இந்த எண் இறங்கும். அதை மாட்டியே அளந்துகொள்ளுங்கள்.

6. மற்றவை

வேன் நேராக ஒட்டியிருக்கக் கூடாது. இரண்டு மூன்று டிகிரியாவது சாய்ந்திருந்தால்தான் அம்பு சுழலும். தண்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்ற அளவில் 0.003 அங்குலம் போதும், 0.001க்குக் கூடுதல் பணம் வேண்டாம். கார்பன் தண்டைக் குழாய் வெட்டியாலோ ஹேக்ஸாவாலோ வெட்டினால் இழை பிளந்துவிடும். கடையில் வேகமாகச் சுழலும் அறுவைச் சக்கரத்தில் வெட்டச் சொல்லுங்கள். இன்சர்ட் ஒட்டும் முன் தண்டின் உட்புறத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள். துடைக்காமல் ஒட்டினால் இலக்கிலிருந்து அம்பைப் பிடுங்கும்போது இன்சர்ட் முனையோடு உள்ளேயே நின்றுவிடும்.

7. எய்வதற்கு முன்னும் பின்னும்

ஒவ்வொரு அம்பையும் எய்வதற்கு முன் இரு கைகளாலும் பிடித்து, முகத்திலிருந்து விலக்கி, லேசாக வளைத்து, கால் சுற்றாகத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மெல்லிய 'கிரக்' சத்தம், நகத்தில் தட்டுப்படும் பிசிறு, ஒரு கீறல், எது இருந்தாலும் அம்பை இரண்டாக உடைத்து எறியுங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு எய்யும் நொடியில் சிதறி, வில் பிடித்த கையில் ஏறும்.

பிராட்ஹெட்டை விரலால் திருகாதீர்கள், அதற்கென்று வரும் ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள். மாட்டிய பிறகு அம்பைச் சுழலவிட்டு நுனியைக் கவனியுங்கள். நுனி ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். ஆடினால் இன்சர்ட் கோணலாக இருக்கிறது அல்லது தண்டின் நுனி செங்குத்தாக வெட்டப்படவில்லை.

கடைசிச் சோதனை 20 கெஜத்தில். ஒரு பயிற்சி முனை, ஒரு பிராட்ஹெட், வெவ்வேறு புள்ளிகளை நோக்கி எய்யுங்கள். ஒரே புள்ளியில் எய்தால் பிளேடு மற்ற அம்பின் வேனை அறுத்துவிடும். மூன்று நான்கு முறை எய்தும் பிராட்ஹெட் எப்போதும் இடப்பக்கமே விழுந்தால் ரெஸ்ட்டை வலப்பக்கம் 1/32 அங்குலம் நகர்த்துங்கள். தாழ விழுந்தால் ரெஸ்ட்டை அதே அளவு ஏற்றுங்கள். இரண்டும் ஒன்றுசேரும் வரை இப்படியே போங்கள். எவ்வளவு நகர்த்தியும் சேரவில்லை என்றால் வேன் எங்காவது உரசுகிறதா, வில்லை இறுக்கிப் பிடித்து முறுக்குகிறீர்களா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் தண்டு தொய்வு, ஸ்பைனை மாற்றத்தான் வேண்டும். ஒரே ஒரு அம்பு மட்டும் அடங்கவில்லை என்றால் அதன் பின்முனை நாக் துண்டைக் கொஞ்சம் திருப்பி மறுபடி எய்யுங்கள். அப்போதும் அடங்காதது பயிற்சிக்குப் போகட்டும்.

ஒவ்வொரு தண்டிலும் எண் எழுதி வையுங்கள். எந்த எண் தொடர்ந்து சரியாக விழுகிறதோ, அந்த நான்கைந்து அம்புகளே காட்டுக்கு. சோதனையில் மண்ணும் ஃபோமும் பட்ட பிளேடு மழுங்கியிருக்கும். கிளம்புவதற்கு முன் புதிய பிளேடு மாட்டி, இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டின் மேல் லேசாக வைத்துப் பாருங்கள். அழுத்தாமலே அறுபட்டால்தான் அம்பு குவிவருக்குள் (அம்புக்கூட்டுக்குள்) போகலாம்.